சாவியை எடுத்த பிறகும் இறங்கும் பேட்டரி

கள்ளக்குறிச்சியில் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என்னிடம் வருகிற யாரும் வண்டி கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. நேற்று ராத்திரி நன்றாகத்தான் இருந்தது என்றுதான் சொல்வார்கள். அவசரமாகக் கிளம்பும்போது சாவியைத் திருப்பி, 'டக்' என்ற ஒரே சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பாடாத பாட்டுப்பெட்டி

நைனார்பாளையத்து மளிகைக்கடைக்காரர் ஒருவருடைய கார் அடிக்கடி இப்படிப் படுத்துக்கொண்டது. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரி ஒயரில் மீட்டரைக் கோத்தேன். பூட்டிய கார் கடிகாரம் மாதிரியானவற்றுக்குத் துளி கரண்ட் எடுக்கலாம். இது தாராளமாகவே எடுத்தது. ப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம். எதைப் பிடுங்கும்போது மீட்டர் முள் விழுகிறதோ அங்கேதான் திருடன். இதில் எதைப் பிடுங்கியும் விழவில்லை. கடைசியில் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனதில், பாட்டுப்பெட்டிக்காக யாரோ நேராகப் பேட்டரியிலேயே கோத்துவிட்ட ஆம்ப்ளிஃபயர் பிடிபட்டது. கடைக்காரர் நம்பவே இல்லை.

"பாட்டே பாடலியே, அது எப்பிடிங்க கரண்ட்ட குடிக்கும்?"

கீழே வந்தால் நல்ல பிள்ளை

கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிற சின்னசாமி பழைய கார் ஒன்றை வாங்கியதே மனைவி செல்விக்காகத்தான். அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு நாள் காலையில் டயாலிசிஸுக்குக் கீழே கூட்டி வர வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஆஸ்பத்திரியில் அவருடைய முறை போய்விடும். இந்தக் காரோ விடிந்தால் கிளம்பாது, உருட்டிவிட்டாலும் கிளம்பாது. பக்கத்து வீட்டு மினிலாரியிலிருந்து ஒயர் போட்டால்தான் உயிர் வரும். அந்த லாரி ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது?

என் கடையில் ராத்திரி முழுக்க நிறுத்திப் பார்த்தேன். முள் அசையவில்லை. பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன். மலைக்குப் போனதும் அதுவும் இறங்கிவிட்டது. அதில் ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் கடையில் நிறுத்தியபோது, முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்க, செல்வி பின் சீட்டில் சாய்ந்து கிடந்தார். எனக்கு என் மீட்டர் மேலேயே வெறுப்பு வந்தது. ரேடியோ அணைத்தீர்களா, கதவு சரியாகச் சாத்தினீர்களா என்று சின்னசாமியைத்தான் துருவிக்கொண்டிருந்தேன். பின் சீட்டிலிருந்து செல்வி மெதுவாகச் சொன்னார்.

"இந்த அலைச்சலு போதுங்க. நான் வூட்லியே கெடக்கறேன், வுட்ருங்க."

மேட்டு நிலத்துக் கட்டை

அன்று டயாலிசிஸ் முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு அவர்களோடு நானும் மலையேறினேன். வீடு சரிவில் இருந்தது. சின்னசாமி காரை ரிவர்ஸில் ஏற்றி, பின்பக்கம் மண் கரையை ஒட்ட நிறுத்தினார். சாவியை எடுத்தார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தார்.

இருட்டில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கரை மண்ணெல்லாம் சிவப்பு வெளிச்சம். பெடல் அழுந்தியிருக்கிற வரைக்கும், சாவி இல்லாவிட்டாலும், பிரேக் விளக்கு எரியும். என் கடை சமதரை. அங்கே அந்தக் கட்டைக்கு வேலையே இல்லை. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது பிரேக்கு சமாச்சாரமாச்சே. நீங்க கரண்ட்டு வேல தான பாக்குறீங்க?"

ஜன்னலுக்கு வெளியே

ஹேண்ட்பிரேக் சரியாகும்வரை கியரில் விட்டு, சக்கரத்துக்குப் பெரிய கல்லாக வைக்கச் சொன்னேன். கட்டையை உருவியதும் சிவப்பு அணைந்தது. வீட்டுக்குள் ஜன்னலோரம் படுத்திருந்த செல்வி, எதற்கு அதை அணைத்தீர்கள் என்று கேட்டார். தூக்கம் வராத ராத்திரிகளில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாராம். அந்த வெளிச்சம்தான் பேட்டரியைக் காலி செய்தது என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. சின்னசாமிதான் சொன்னார். இருட்டாகிவிட்ட கரையையே பார்த்தபடி செல்வி சொன்னார்.

"அது எரிஞ்சிக்கினு இருந்தா வண்டி உசுரோட இருக்கு, காலைல என்ன கூட்டிக்கினு போயிரும்னு நெனச்சிக்கினு கெடந்தேங்க."

அடுத்த முறைக்குக் கார் நேரத்தோடு வந்து சேர்ந்தது. ராத்திரியெல்லாம் அந்தச் சிவப்பைப் பார்த்தவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அதிலிருந்து, பேட்டரி இறங்குகிறது என்று யார் வந்தாலும், ஓட்டுகிறவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பின் சீட்டில் இருப்பவரைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.