பஞ்சப்பாட்டு

காலடிப்பேட்டை மார்க்கெட்டில் இன்று பேரம் பேசிய ஒருவரிடம் மீன்காரம்மா, "பஞ்சப்பாட்டு பாடாத நைனா" என்றார். எனக்கு அத்தையின் குரல் நினைவுக்கு வந்தது.

நான் சின்னவளாக இருந்தபோது அப்பாவின் அக்கா குடியிருந்த சடையங்குப்பத்தில் வெள்ளம் புகுந்து, அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஈரப்புடவையும் ஸ்டவ்வின் மண்ணெண்ணெயும் சேர்ந்து வீடே நாறியது. அத்தை உட்காரும் முன்பே அம்மா, "வூட்ல ஒரு குந்துமணி அரிசி இல்ல அண்ணி" என்றார்.

"பஞ்சப்பாட்டு பாடாத" என்று அப்பா அதட்டினார்.

அத்தை கோபப்படவில்லை. "அது நெசமாவே பாட்டுதான் தம்பி. பஞ்சத்துல நம்ம முப்பாட்டனுங்க ஊர விட்டு நடந்து வந்து, வாசல் வாசலா அதப் பாடிதான் கஞ்சி வாங்கிக் குடிச்சாங்களாம். கேட்டுக் கேட்டு சலிச்சுப்போன ஜனங்க கிண்டலாக்கிட்டாங்க."

பிறகு மெதுவாக இரண்டு வரி பாடினார். தாலாட்டு போலத்தான் இருந்தது.

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து அரிசி டின்னை இழுத்து, உலை வைத்தார். "இன்னொரு தபா பாடுங்க அண்ணி" என்றார்.

வெள்ளம் வடிந்த பிறகும் அத்தையை அம்மா அனுப்பவில்லை. அந்தச் சொல்லை யார் கேலியாகச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.