மேரியக்கா விற்காத பிளக்

நாகல் நகரில் ஆட்டோவைவிட்டு இறங்கியபோதுதான் சுவரொட்டியைப் பார்த்தேன். ஆரோக்கியமேரி காலமானார், அன்று மாலை அடக்கம் என்று இருந்தது. படத்தின் கீழே ‘நேர்மையின் நிறைகுடமே’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே, கண்ணீர் சிந்துவோராக வாடகை வேன் சங்கத்தார் பதினான்கு பேர். எல்லாப் பெயர்களையும் நின்று படித்தேன். அவர்களில் ஒன்பது பேர், போலிச் சரக்கு விற்கிறவர் என்று இதே மேரியக்காவை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர்கள். அஞ்சலியில் சினம் கூடாது என்று நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நாகல் நகர்க் கடைவரிசையில் கார் உதிரிபாகங்கள் விற்ற ஒரே பெண் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த நான் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கினேன். அது குடித்த பெட்ரோலைக் கண்டு மிரண்டு, எஞ்சினில் பொறி மூட்டும் ஸ்பார்க் பிளக்கை, மைலேஜ் கூடுகிற வகையாகப் பார்த்துத் தரும்படி அவரிடம் கேட்டேன்.

“வண்டி எந்த ரோட்ல ஓடுது?”

“வீட்டிலிருந்து காலேஜுக்கு. மார்க்கெட்டுக்கு.”

“அம்புட்டுத்தானா? பழைய பிளக்க எங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“டாக்டர்கிட்ட வர்றப்ப நாக்க வீட்ல வச்சுட்டு வந்துட்டீங்களாக்கும்.”

பிளக்கின் நுனி எஞ்சினுடைய நாக்கு என்பது அவர் கொள்கை. கறுத்துக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை. வெளுத்திருந்தால் சூடு மிஞ்சுகிறது. பிஸ்கட் நிறமென்றால் நலம். சிறு தூரம் மெதுவாக ஓடும் வண்டிக்கு, கரி சேராதபடி சூட்டைப் பிடித்துவைக்கும் பிளக் வேண்டும். சுமையோடு மலையேறும் வண்டிக்கு, சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும் பிளக். முதல் வகையை எனக்குக் கொடுத்துவிட்டு எச்சரித்தார்: “கொடைக்கானல் போறதா இருந்தா இங்க வந்து மாத்திட்டுப் போங்க. ஏர் பில்டரச் சுத்தம் பண்ணுங்க, டயருக்குக் காத்து பாருங்க. அதுக்கப்புறமும் குடிச்சா, குடிக்கிறது உங்க வலது கால்தான் சார்.”

சில ஆண்டுகள் கழித்து, பேருந்து நிலையத்தருகே ஓர் ஏஜெண்ட் மேசை போட்டார். மூன்று முனை கொண்ட புது பிளக். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடும் என்றார். பேட்டரியும் காயில் என்ற மின்சுருளும் வைத்துப் பொறியைப் பாய்ச்சிக் காட்டினார். அது நீலமாக வெட்டியது. கூட்டத்தில் ஒருவர், “காலேஜ் சார் நிக்கிறாரு, அவரக் கேளுங்கப்பா” என்றார். குனிந்து பார்த்தேன். “பொறி நன்றாகத்தான் இருக்கிறது” என்றேன். திறந்த வெளியில் பாயும் பொறி, எஞ்சினுக்குள் அந்தப் பிளக் எவ்வளவு சூட்டைத் தேக்கும் என்பதற்குச் சான்றாகாது. அதை என் முதலாண்டு மாணவனும் சொல்லியிருப்பான். ஓட்டுநர்கள் முண்டியடித்து வாங்கினார்கள். நானும் நான்கு வாங்கினேன்.

மேரியக்கா அதைக் கடையில் வைக்க மறுத்தார். “மூணு கொம்பு இருக்கு, சரி. எந்த ரோட்டுக்குன்னு கேட்டா அந்தாளு முழிக்கிறாரு.”

அது சூட்டைத் தேக்கும் வகை. சமதரையில் பழனி வரை போய்வந்த வேன்கள் கொஞ்சம் குறைவாகக் குடித்தன என்பது உண்மைதான். பிறகு ஒரு வேன் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலையில் ஏறியது. பாதி மலையில் பிஸ்டன் ஓட்டையானது. மேரியக்கா கடையைத் தவிர வேறெங்கும் பிளக் வாங்கக் கூடாது என்பது அந்த வேன் முதலாளியின் கட்டளை. ஏஜெண்டிடம் வாங்கியது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்த ஓட்டுநர், மேரியக்கா கடையில்தான் வாங்கினேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை முதலாளி அந்த ஓட்டுநரோடும் சங்கத்தாரோடும் கடைக்கு வந்தார். ஃபேன் பெல்ட் வாங்கப் போயிருந்த நானும் அங்கே நின்றேன்.

“ஏம்மா, டூப்ளிகேட்டா விக்கிற?” பிளக் மேசையில் விழுந்து உருண்டது.

மேரியக்கா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நுனி உருகியிருந்தது, முனைகள் மூன்று. ஓட்டுநரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். மேரியக்கா என்னைப் பார்த்தார். நான் ஃபேன் பெல்ட்டைப் பார்த்தேன்.

“வண்டி ஓட்டுன ஆளத் திட்டாதீங்க. தப்பு பிளக்குலதான்” என்றார்.

அவ்வளவுதான். விற்றேன் என்றும் சொல்லவில்லை, விற்கவில்லை என்றும் சொல்லவில்லை. ஓட்டுநரின் வேலை தப்பியது. கடையின் பெயர் போயிற்று. மூன்று முனைப் பிளக் அந்தக் கடையில் இருந்ததே இல்லை என்பது அங்கு நின்ற சங்கத்தார் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதே ஏஜெண்டிடம் அவர்களும் வாங்கியிருந்தார்கள். தாங்கள் ஏமாந்ததை ஒப்புக்கொள்வதைவிட, அவரை ஏமாற்றுக்காரியாக்குவது எளிதாக இருந்தது. அந்த மாதமே வேன்கள் வேறு கடைக்குப் போயின.

சில நாள் கழித்து, உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன்.

“சொன்னா அவன் வேலை போயிரும் சார். ரெண்டு பொம்பளப் பிள்ள வச்சிருக்கான். எனக்கு வேன்காரன் வரலைன்னா லாரிக்காரன் வருவான்.” பிறகு, குரலில் கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்பவர்போலக் கேட்டார்: “ஆமா, நீங்க ஏன் சார் சொல்லல?”

அவரே என்னை விடுவித்தார். “சரி விடுங்க. மொதல்ல நீங்க வாங்குன நாலையும் கழட்டிக் கொண்டாங்க.”

லாரிக்காரர்கள் வரவில்லை. கடை பாதியாயிற்று, மறுபாதியில் ஒரு செருப்புக் கடை வந்தது. கடைசிவரை அவர் வருகிறவர்களிடம் எந்த ரோடு என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார்.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டியைச் சுமந்தவர்களில் முன்னால் நின்றவர் அந்த ஓட்டுநர். சுவரொட்டியில் அவர் பெயர் இல்லை. இங்கும் எழுதமாட்டேன், மேரியக்கா தம் பெயரைக் கொடுத்துக் காத்த பெயர் அது.

கழற்றிய நான்கில் ஒன்றை அவர் என்னிடமே திருப்பித் தந்தார். அது என் மேசைமேல் இருக்கிறது. அதோடு அவர் கேள்வியும் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. சொல்லாமல் விட்டதை மட்டும், அந்த ஒன்பது பேரும் படிக்கும்படி இப்போது சொல்கிறேன்.

அந்தப் பிளக்கை மேரியக்கா விற்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னவன் நான்.