கடைசி நிப்பிள்

விருத்தாசலத்தில் பதினோரு வருஷம் பீங்கான் பொம்மை தேய்த்தவள் செல்வநாயகி. அந்தத் தூசியே வேண்டாம் என்று தலைமுழுகிவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் கறிக்கோழி ஷெட் போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அதே வருஷம் ஜெயஸ்ரீயும் ஒரு ஷெட் போட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

குஞ்சு கொடுத்து, வளர்ந்ததும் எடை போட்டு எடுத்துக்கொள்வது ஒரே கம்பெனி; ஒரே நாளில் இறக்கிய குஞ்சு, ஒரே தீவனம். ஆனாலும் எடை போடும்போது ஜெயஸ்ரீயின் கோழிதான் தூக்கும். கம்பெனி சூப்பர்வைசர் பாரி வேறு, "அவங்க ஷெட்ட ஒருதரம் பாத்துட்டு வாங்க" என்பான். செல்வநாயகிக்கு வயிறு எரியும். இரண்டு தடவை எடை குறைந்துவிட்டது. இந்தத் தடவையும் குறைந்தால் இனிமேல் குஞ்சு இறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சித்திரை வெயிலில் ஒரு நாள், ஜெயஸ்ரீ தண்ணீர்த் தொட்டியில் வெல்லம் கரைத்து ஊற்றுவதைச் செல்வநாயகி வேலியோரம் நின்று பார்த்தாள். அப்படியா சங்கதி என்று இவள் இரண்டு பங்கு கரைத்தாள். நாலு நாள் விடாமல் ஊற்றினாள்.

ஐந்தாம் நாள் ஷெட்டின் கடைக்கோடியில் கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு வாயைப் பிளந்து நின்றன. குழாயில் வரிசையாகத் தொங்கும் நிப்பிளைக் கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும். செல்வநாயகி எப்போதும்போல வாசல் பக்கத்து நிப்பிளை விரலால் தட்டிப் பார்த்தாள். சொட்டியது. தண்ணீர் வருகிறது, அப்புறம் என்ன கேடு? அந்தச் சிறுக்கி சூனியம் கீனியம் வைத்துவிட்டாளோ என்றுகூட நினைத்தாள். மத்தியானத்துக்குள் ஆறு கோழி செத்தது. வேறு வழியில்லாமல் வேலியருகே போய்க் கூப்பிட்டாள்.

ஜெயஸ்ரீ ஒரு காலி பாட்டிலோடு வந்தாள். நேரே கடைசி நிப்பிளிடம் போய்க் குந்தினாள். பாட்டிலை அடியில் பிடித்து நிப்பிளை அழுத்திக்கொண்டு, போனில் ஒரு நிமிஷம் கணக்குப் பார்த்தாள். நாலு சொட்டுதான் விழுந்தது.

"வெல்லம் வுட்டீங்களாக்கா?"

"ம்."

"வுட்டா அன்னைக்கே லைன கழுவி வுட்டுடணும். இல்லன்னா உள்ள பாசி புடிச்சி அடச்சிக்கும். மொத நிப்பிளுல எப்பவும் தண்ணி வரும். கடைசியத்தான் பாக்கணும்."

குழாயின் மூடியைத் திருகி எடுத்தாள். கொழகொழவென்று பாசி வந்து விழுந்தது. தெளிந்த தண்ணீர் வரும்வரை திறந்துவிட்டு மூடினாள். கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்து குடித்தன.

"வேலியோரமா நின்னு பாத்தீங்களே, அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பன்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

செல்வநாயகிக்கு முகம் செத்துப்போனது. கோழி பிழைத்தது. எடைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஜெயஸ்ரீ போன பிறகு இவள் கடைசி நிப்பிளிடம் குந்தி, பாட்டிலைப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தாள். கால் பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நின்றது. ஜெயஸ்ரீ ஷெட்டில் எவ்வளவு நிற்குமோ என்று மறுபடியும் வயிறு எரிந்தது.