காணாமல் போனவர்களின் சுவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிற ஆள் நான். மலேசியாவில், கிள்ளானில் பல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கிறேன், தினமும் ரத்தம் பார்க்கிறவள், சும்மா பயப்படமாட்டேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

போன வருடம் நானும் என் கணவர் செல்வமும் பிரான்சுக்குப் போனோம். கிள்ளான் பக்கத்து மேருவில் லோரி கம்பெனியில் மாடாய் உழைக்கிற மனிதருக்குப் பாரிஸ் வேண்டாமாம், பிரிட்டனி என்கிற பழைய கடற்கரைப் பக்கம்தான் பார்க்க வேண்டுமாம். அங்கே ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர். மீன் பிடிக்கப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை எழுதி மாட்டியிருந்தார்கள். உடல்கூடக் கிடைக்காதவர்கள். நான் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு நின்றேன். இவரோ செல்ஃபி எடுத்து முடித்துவிட்டு, கூட்டாளியின் தோளைத் தட்டுவதுபோல் சுவரைத் தட்டி, "ஓகே பாஸ், போயிட்டு வரோம் லா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

"அறிவிருக்கா உங்களுக்கு? சாவு வீட்டுல யாராச்சும் வரேன்னு சொல்வாங்களா? சொல்லாம கொள்ளாமதானே கெளம்புவோம்!"

"டூரிஸ்ட் ஸ்பாட் லா இது. இங்கயும் வந்து பந்தாங், சாங்கியம்னு பாக்காத, ராணி."

கீழே கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. மணலில் இறங்கி நான் விடுவிடுவென்று முன்னால் நடந்தேன், திரும்பியே பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் அவர் யாரிடமோ பேசுகிற சத்தம். திரும்பினால், நம்பினால் நம்புங்கள், இவர் கடலைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார், யாரோ பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி இடது கை முன்னால் நீண்டிருக்கிறது. பக்கத்தில் ஒருவருமில்லை. தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்தது, அந்த ஊரில் அது வருகிற வேகம் நம் ஊரில் பார்க்க முடியாது. கூப்பிட்டேன், காதிலேயே விழவில்லை. ஓடிப்போய் வலது கையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "விடுடா! எம் புருஷன விடுடா! வாய்க்கொழுப்புல சொல்லிட்டாரு, அதுக்காகக் கூட்டிட்டுப் போயிருவியா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தமிழ் புரிந்ததோ என்னவோ, பிடி விட்டது. முழங்கால் தண்ணீரில் இரண்டு பேரும் மல்லாக்க விழுந்து, எழுந்து, கரைக்கு ஓடினோம்.

அவரைக் கேட்டால், "ஒண்ணும் நடக்கல, கால் வழுக்கிருச்சு" என்கிறார். நாத்தனார், "அண்ணிக்கு வயசாகுதுல்ல" என்று சிரிக்கிறாள். வயிறு எரிகிறது எனக்கு. உயிரைக் காப்பாற்றியவள் பைத்தியக்காரியாம்!

அவருடைய இடது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். கிள்ளான் வெயிலில், சூடாக ஆற்றிய தே தாரிக் டீ கிளாஸைப் பிடித்திருக்கும்போதுகூட ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். எதுவும் நடக்கவில்லை என்று சாதிக்கிற அதே மனிதர், சோபாவில் உட்காரும்போது மட்டும் இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறார்.