துரையின் குட்டிகளும் குடலிறக்கமும்

மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை. காலையில் தொடங்கிய தூறல் நண்பகலாகியும் ஓயவில்லை. தகரக் கூரைக்கடியில் பண்ணைக்காரி குந்தியிருந்து, பன்றிக்குட்டிகளை ஒவ்வொன்றாக மல்லாத்தித் தொப்புளைத் தடவிப் பார்த்தார். இரண்டு குட்டிகளுக்கு அங்கே எலுமிச்சையளவு வீக்கம். அழுத்தினால் உள்ளே போயிற்று. விரலை எடுத்ததும் புடைத்தது. குடலிறக்கம்.

செங்கற்சூளை வேலையை விட்டுவிட்டு, இரண்டு பெட்டைகளோடு அவர் தொடங்கிய பண்ணை அது. துணைக்கு வந்த தம்பிக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். குடலை உள்ளே தள்ளித் தைப்பதில் கைதேர்ந்தவன்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியேக்கா! ரெண்டு தையல் போட்டா தீர்ந்துச்சு."

"துரைக்கும் நீ அப்படித்தானேடா போட்ட?"

துரை, அவர்கள் இனவிருத்திக்கு வைத்திருந்த ஆண் பன்றி. குட்டியாக இருந்தபோது அதற்கும் இதே வீக்கம். தழும்பு மறைந்து அது கொழுகொழுவென்று வளர்ந்ததும், தைத்ததையே மறந்து பெட்டைகளோடு சேரப் பொலிக்கு விட்டுவிட்டனர். இப்பொழுது மந்தையில் பாதி அதன் வழி வந்தவை.

பண்ணைக்காரி எடுத்த எடுப்பில் துரைமீது பழி போடவில்லை. கொட்டிலின் ஈரத் தரையை மாற்றினார். தொப்புள்கொடியில் சீழ் பிடிக்காதிருக்க மருந்து தடவினார். அடுத்த ஈற்றிலும் வீக்கம் நிற்கவில்லை. அதே பெட்டைகளை வேறோர் ஆணுடன் சேர்த்தபோதோ, நான்கு மாதம் கழித்துக் குட்டிகள் பழுதின்றிப் பிறந்தன. மறுநாள் காலை கால்நடை மருத்துவரிடம் சொன்னார்.

"ஒரு மரபணு மட்டும் செய்யுற வேலை இல்லம்மா, பல சேர்ந்து செய்யுது. தாய் வழியாவும் வரலாம். தைச்சா ஓட்டைதான் அடையும். பரம்பரையா வர்றது அடையாது."

அன்றே துரையையும், இனவிருத்திக்கென்று வளர்த்துவந்த அதன் மகள்களையும் மந்தையிலிருந்து கழிக்கத் தீர்மானித்தார்.

"உனக்கென்ன பித்தா? மந்தைய மறுபடியும் மொதல்லேர்ந்து கட்டணும்க்கா!"

"கட்டுவோம். அவ்வளவு பாசம்னா துரைய உன் கட்டில்ல படுக்க வெச்சுக்கோ. பொலிக்கு விடமாட்டேன்."

செய்தி பரவிப் பிற்பகலே பக்கத்துப் பண்ணைக்காரர் வண்டியோடு வந்துவிட்டார். துரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'வாயைத் திறக்காதே' என்று தம்பி அக்காளுக்குக் கண்சாடை காட்டினான்.

"கழிக்கிறதுன்னா எனக்குக் குடுங்கக்கா, பொலிக்கு வெச்சுக்கறேன். ராஜா மாதிரி நிக்கிறான். அப்படி என்னதான் குறை இவனுக்கு?"

"குடலிறக்கம். தைச்சு மறைச்சோம், குட்டிங்களுக்கும் வருது. பொலிக்குத் தரமாட்டேன்."