குஞ்சியம்மாவின் ஐந்தாம் வகுப்பு

படிப்பிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. படிக்க ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து இருத்துவதுதான் வேலை. வெண்கட்டித் தூளில் தொண்டையைத் தொலைத்த என் சக உத்தியோகத்தர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கல்லடிக்குத் தெற்கே வாவிக்கரையில் இருந்த ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியை. தலைமை ஆசிரியை என் அம்மாவின் கடைசித் தங்கை. வீட்டில் எனக்குக் குஞ்சியம்மா, பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பார். அவர்மேல் எனக்கு இருந்த பிரியத்தை அவர் இருக்கும்போது சொன்னதில்லை. சொல்லியிருந்தால், போய் வகுப்பைப் பார் என்றிருப்பார்.

கறுப்புக் குடை

காலையில் மணி அடித்த பிறகும் பாதிப் பிள்ளைகள் வாவியில் நின்று இறால் தடவிக்கொண்டிருப்பார்கள். குஞ்சியம்மா தன் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு கரைக்குப் போவார். கூப்பிடவும் மாட்டார், அதட்டவும் மாட்டார். பேசாமல் நிற்பார். குடையைக் கண்டதும் ஒவ்வொருத்தியாகப் பாவாடையைப் பிழிந்துகொண்டு கரையேறுவாள்.

ஒருநாள் சற்றுத் தள்ளி வலை வீசிக்கொண்டிருந்த ஒரு மனிதர், பேரப்பிள்ளை கண்டவர், வலையைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: “ரீச்சர், உங்கட குடையக் கண்டா எனக்கும் பள்ளிக்கு ஓடணும் போல இரிக்கி.”

வெறும் வாங்கு

கரையில் நின்ற பிள்ளைகளைப் பிடித்துவிடலாம். வீட்டுக்குள் போய்விட்டவர்களை என்ன செய்வது? பெண் பெரியபிள்ளையானால் அதோடு படிப்பு முடிந்தது என்பது அந்நாளைய ஊர் வழக்கம். நாலாம் வகுப்புக்கு மேல் எங்களிடம் ஒருத்தியும் தங்குவதில்லை. ஒரு பிள்ளையையாவது ஐந்தாம் வகுப்பு முடிக்க வைத்துவிட வேண்டும் என்பது குஞ்சியம்மாவுக்கு ஒரே ஆசை. அந்த வகுப்புப் பிள்ளைகள் உட்காரவென்று ஒரு நீள வாங்கைப் போட்டுத் தினமும் தூசி தட்டி வைத்திருந்தார்.

பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வரும் வித்தியாதரிசி ஒருமுறை அந்த வாங்கின் முன்னால் நின்றுவிட்டார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். “இரிக்கிறாங்க ஐயா, வீட்டுக்குள்ள இரிக்கிறாங்க” என்றார் குஞ்சியம்மா. நல்ல மனிதர்தான். ஆனால் போகும்போது தொப்பியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “அடுத்த வருஷக் கடைசியில் நான் வரும்போது ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும், அம்மா. இல்லாவிட்டால் இந்த வகுப்பை எடுத்துவிடுவோம்.”

தட்டிக்கு அங்கால்

நாலாம் வகுப்பில் பூரணம் என்று ஒருத்தி இருந்தாள். தகப்பன் இல்லை. தாய் கண்ணம்மை வட்டையில் வயல் வேலைக்குப் போய் அவளை வளர்த்தாள். தை மாதம் பூரணம் ஐந்தாம் வகுப்புக்கு ஏறினாள். குஞ்சியம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். பங்குனியில் அவளும் பெரியபிள்ளையாகி வீட்டோடு நின்றுவிட்டாள்.

குஞ்சியம்மா யாரோடும் வழக்காடவில்லை. சடங்கு வைத்துத் தண்ணீர் வார்த்த அன்றைக்குப் பாவாடைத் துணியோடு போய், பலகாரம் தின்று, வாழ்த்திவிட்டு வந்தார். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அந்த வீட்டுக்குப் போனார். பூரணம் இருந்த மூலையைத் தென்னோலைக் கிடுகுத் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடத்தை வாசித்தார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. தினமும் இப்படியே நடந்தது. கண்ணம்மை கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு உலக்கையைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

“நீங்க கேக்கிறதும் அவள் சொல்லுறதும் கேக்க நல்லாத்தான் இரிக்கி ரீச்சர். ஆனா பள்ளிக்கு மட்டும் அனுப்பமாட்டன்.”

வீடும் வளவும்

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். குஞ்சியம்மா ஒருநாள் இதையே பிடித்துக்கொண்டார். “நாளைக்கு இந்த வீட்ட இவளுக்குத்தானே எழுதப்போறாய், கண்ணம்மை? எழுதுற உறுதிப் பத்திரத்தில என்ன கிடக்கு எண்டு வாசிக்க வேணாமா?” என்று கேட்டார். இதற்கு மறுமொழி இருக்காது என்று, அன்றைக்குக் கூடப் போயிருந்த நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கண்ணம்மை கொஞ்சமும் யோசிக்கவில்லை. “வாசிக்கத் தெரிஞ்ச மாப்பிள்ளையாப் பாத்து எடுத்தாச் சரிதானே, ரீச்சர்.”

காய்ச்சல்

அந்த வருஷ மாரியில் மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்தது. குஞ்சியம்மா கொயினா மாத்திரையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். அலைந்தும் பூரணத்தின் பாடத்தை விடவில்லை. கடைசியில் காய்ச்சல் அவரையே வீழ்த்தியது. நினைவு வந்தும் போயும் கொண்டிருந்த ஒரு மத்தியானம் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். என்னிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தேன். குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

“பூரணத்துக்கு வகுத்தல் கணக்கு இன்னும் சரிவரயில்ல. நீ இஞ்ச குந்திக்கிட்டு இரிக்காமப் போய்ச் சொல்லிக் குடு, புள்ள.”

எட்டுக்குப் பிறகு

போனேன். தட்டியின் அருகே இருந்து கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்கள் அயல்வீட்டுக்காரர் வேலிப் படலையில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்து ஒரு வாய் தண்ணீர் வார்க்கவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. குஞ்சியம்மா சொன்னபடிதான் வந்தேன் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் மனம் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்பதில்லை.

குஞ்சியம்மாவின் எட்டாம் நாள் சடங்கு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலை. வேலிகளுக்கு மேலால் ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல வெயிலில், கண்ணம்மை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கைத் தெருவால் வந்தாள். யாருக்கும் ஒளிக்கவில்லை. வாசலில் நின்று பூரணத்தை என் பக்கம் தள்ளினாள். தாயின் கண்ணும் சிவந்திருந்தது.

“பின்னேரமானா இவள் ரீச்சருக்கெண்டு பாயப் போட்டுட்டு இரிக்காள். வராத ஆளுக்கு எத்தின நாளைக்குகா பாய் போடுறது? நீயே வெச்சிக்க, புள்ள.”

வருஷக் கடைசியில் வித்தியாதரிசி வந்து, ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரே பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். எங்கள் தொழிலில் பாராட்டு வராமல் இருப்பதில்லை, உரிய ஆள் போன பிறகு வந்து பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான்.