குடல்வால் என்று சொன்னேன்

மகள் பிறந்த பதினோராம் மாதம் எனக்கு ஆபரேஷன் நடந்தது. கருப்பை தன் இடத்தை விட்டு இறங்கி, நடக்கும்போதே வெளியே தட்டுப்படும் நிலைக்கு வந்திருந்தது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் அது. அதன் பிறகு ஏழெட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். தும்மினால் புடவை நனையும். குளியலறையில் குந்தி, கையால் உள்ளே தள்ளிவிட்டு, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பேன்.

நான் மிஷன் பள்ளியில் ஏழாம் ஸ்டாண்டர்டு வரை படித்தவள். அங்கே உடற்கூறு பாடத்துக்கு ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருப்பார்கள். அதில் இடுப்பிலிருந்து தொடை வரை வெறும் தோல்தான் வரைந்திருக்கும். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் எனக்கு இங்கிலீஷில் பெயர் தெரியும். எனக்கு வந்ததற்குத் தமிழில்கூடப் பெயர் தெரியாது.

கோலாலம்பூர் ஆசுபத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் முதலில் ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. வெட்டித் தைக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆசுபத்திரித் தாளில் அவர்தான் கையெழுத்துப் போட்டார். "உள்ளே ஒரு தையல் போடணுமாம்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவரும் மேலே கேட்கவில்லை. ஆபீஸில் என்னவென்று சொல்வது என்று கேட்டபோது, அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அந்த வருஷம் அவருடைய ஆபீஸில் ஒருவருக்குக் குடல்வாலை எடுத்திருந்தார்கள். அதனால் நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க அந்த வார்த்தை பழக்கமாகியிருந்தது. நாலு பேர் நடுவில் சொல்லக்கூடிய நோய்.

மூன்று வாரம் மல்லாந்து படுத்திருந்தேன். தையல் விரியாமல் இருக்க இரண்டு கால்களையும் சேர்த்து முழங்காலுக்கு மேலே துணியால் கட்டிவிட்டார்கள். மூத்திரம் ரப்பர் குழாய் வழியாகப் போயிற்று. இருமல் வரும்போதெல்லாம் கர்த்தரைக் கூப்பிட்டேன். மலம் இளக எண்ணெய் கொடுத்தும், முதல் தடவை போவதற்குப் பயந்து இரண்டு நாள் அடக்கிவைத்து நர்ஸிடம் திட்டு வாங்கினேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன். மூன்று மாதத்துக்குத் தண்ணீர் நிறைந்த ஒரு கெட்டிலை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. பிள்ளையையும் தூக்கக் கூடாது. வேறு யாராவது எடுத்து மடியில் வைக்கலாம்.

அந்த ‘வேறு யாராவது’ என்பதற்கு ஓர் அக்காவைக் கிள்ளானிலிருந்து என் மாமியார் அனுப்பிவைத்தார். தெலுக் பங்லிமா காராங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். ஐந்து பிள்ளை பெற்றவர். புருஷன் இறந்த பிறகு கிள்ளானில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் வந்து இறங்கிய அன்றே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பெண்டிசாமே. எங்க தோட்டத்து லயத்துல அது கிராணிமாருக்குத்தான் வரும். எங்களுக்கு வர்றதெல்லாம் காய்ச்சலும் கடுப்பும்தான்."

மகள் இரண்டே நாளில் அக்காவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டாள். என்னிடம் கொண்டுவந்து மடியில் வைத்தால் நெளிந்தாள். பொறாமையாக இருந்தது. ஆனாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தபடியே நடந்தேன். ஒவ்வொரு தடவை எழுந்து நிற்கும்போதும் மறுபடி இறங்கிவிட்டதோ என்று தோன்றும். கதவைத் தாழிட்டுக் கைக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பேன். பார்த்தபின், இப்படிக் குனிந்து பார்த்ததாலேயே தையலுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயப்படுவேன்.

அக்கா வந்த இரண்டாவது வாரம் ஒரு காலையில் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பொதுக் குழாயிலிருந்து இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் தகரங்களைக் கீழே வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக் குந்தி, புடவைக்குள் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தார். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காததுபோலத் தகரங்களைத் தூக்கினார்.

அதை உலகத்திலேயே நான் ஒருத்திதான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் சங்கதி வெளியே வந்துவிடும். சொன்னால் தண்ணீரை யார் தூக்குவது என்ற நினைப்பும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போது யோசித்தாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக, தகரத்தைப் பாதியளவு நிரப்பினால் போதும் என்று சொன்னேன்.

அக்கா சிரித்தார். "பாதித் தகரம்னா ரெண்டு நடை. என்னம்மா கணக்கு இது, பள்ளிக்கூடத்துக் கணக்கா?"

தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தினமும் தகரங்கள் பாதி வழியில் இறங்கின.

ஆறாவது வாரம் போதகரம்மா வந்து, வீட்டில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கலாம் என்றார். எங்கள் சபையில் அது வழக்கம். நோயிலிருந்து எழுந்தவர்கள் தங்களுக்கு என்ன வந்தது, கர்த்தர் எப்படிச் சுகம் கொடுத்தார் என்று எல்லோர் முன்னிலையிலும் சாட்சி சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் பலம் வரவில்லை என்று தள்ளிப்போடப் பார்த்தேன். உட்கார்ந்தே சொன்னால் போதும் என்றார் போதகரம்மா.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பாட்டுப் பாடி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடல்வால் என்று சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அது வெடித்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதாகவும் சேர்த்துச் சொன்னேன். பெண்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் அக்கா, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அக்கா பேச்செடுத்தார்.

"ஏம்மா, அந்த டாக்டரம்மா குடல்வாலு மட்டும்தான் பாப்பாங்களா? பொம்பளை சமாச்சாரமெல்லாம் பாக்க மாட்டாங்களா?"

எந்தச் சமாச்சாரம் என்று கேட்டேன். கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

"அடி இறங்குறது. கடைசிப் பிள்ளைக்கு அப்புறம் வந்துச்சு, பதினாலு வருசம் ஆச்சு. துணியை உருட்டி வெச்சுக்கிட்டுத்தான் மரம் வெட்டுனேன். அதுக்கெல்லாம் வைத்தியம் இருக்காம்மா?"

"தெரியலைக்கா" என்றேன்.

"இருக்காது. சும்மா கேட்டு வெச்சேன்" என்று சொல்லிவிட்டு, கழுவிய தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நான்கு நாள் அப்படியே போயிற்று. ஜெபம் பண்ண உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவேன். ஐந்தாம் நாள் காலை, மகளின் துணிகளை எடுக்கக் கொல்லைப்புறம் போனேன். கொடியில் ஒரு பழைய சேலைக்கு அடியில் மறைத்து ஒரு துணி காயப்போட்டிருந்தது. துவைத்தும் போகாத ரத்தக் கறை அதில் இருந்தது. கறையின் ஓரங்களில் மஞ்சளாகச் சீழின் தடம். உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது என்று புரிந்தது.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அதுக்கு வைத்தியம் இருக்கு. எனக்கு வெட்டித் தெச்சது அதுதான். குடல்வாலு இல்லை."

கரண்டி மகளின் வாயருகே நின்றது. மகள் அதை எட்டிப் பிடித்து இழுத்தாள். அக்கா கரண்டியை அவளிடமே விட்டுவிட்டார்.

"எனக்கு இருக்குன்னு எப்பத் தெரியும்?"

வந்த இரண்டாவது வாரமே தெரியும் என்றேன். அதில் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஒரு மாசம்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "ஒரு மாசமா என்னைத் தூக்க விட்டுட்டு ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. வேலையை மட்டும் விடாமல் செய்தார். தகரத்தை நான் பிடுங்கப் போனபோது, தையல் பிரிஞ்சா அதையும் என் தலையில வெப்பீங்களா என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், அக்காவை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஏனென்றால் எனக்கு வந்ததுதான் அவருக்கும் என்று ஆரம்பித்தேன். எனக்கு வந்தது என்னவென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பத்திரிகையை மடித்தார். கையெழுத்துப் போட்ட தாளில் எழுதியிருந்தது, அப்போதே படித்தேன் என்றார். உனக்கு வெட்கமாக இருந்ததால் ஆபீஸிலும் நீ சொன்னபடியே சொன்னேன் என்றார். அக்கா இல்லாத நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள, கிள்ளானுக்குக் கடிதம் எழுதித் தன் தங்கையை வரவழைத்தவரும் அவர்தான்.

அந்த வாரமே அக்காவை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்கும் நர்ஸ் அன்று இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். எத்தனை வருஷமாக, இருமினால் வருகிறதா, மூத்திரம் நிற்கிறதா, ரத்தம் எப்போதிருந்து என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றையும் நான் அக்காவின் காதருகே குனிந்து சொன்னேன்.

"சத்தமா சொல்லுங்க" என்றார் அக்கா. "உங்க கூட்டத்துல சொன்ன மாதிரி."

சத்தமாகச் சொன்னேன். பெஞ்சில் பேச்சு நின்றுபோயிற்று.

புண் ஆற முதலில் படுக்கை, அதன் பிறகு ஆபரேஷன் என்று அன்றே அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அதையும் நான் அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

ஆபரேஷன் ஆன பத்தாம் நாள் பார்க்கப் போனேன். கால்களைக் கட்டி மல்லாத்திப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்த இளம்பெண்ணுக்கு மறுநாள் அதே ஆபரேஷன் என்று தெரிந்தது. நான் உட்காரும் முன்பே அக்கா அவளிடம் திரும்பினார்.

"இந்தம்மாவையே கேளு. இவங்களுக்கும் இதேதான் தெச்சாங்க. இவங்களுக்கு மட்டும் அதுக்குப் பேரு குடல்வாலு."

எதிர்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் வாசலைப் பார்த்தேன், சபையார் யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, முதல் தடவை வெளிக்குப் போறப்ப பிரிஞ்சுருமா?"

"பிரியாது" என்றேன். "நானும் பயந்து ரெண்டு நாள் அடக்கி வெச்சேன். நீ அப்படிச் செய்யாதே. எண்ணெய் குடுப்பாங்க, முகத்தைச் சுளிக்காம குடிச்சிரு."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொல்லி அக்கா இந்தத் தடவை கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.